புன்னைக்காயல் முதல் பாகான் டாலாம் வரை: தமிழ்க் கிறிஸ்தவ வாழ்க்கை வரலாறுகள்

தமிழில் அச்சான தொடக்ககால நூல்களுள் ஒன்று, புனிதர்களின் வாழ்க்கையைச் சொல்கிறது. புன்னைக்காயலில் பணியாற்றிய அண்ட்ரிக் அடிகளார் 1586-இல் வெளியிட்ட ‘அடியார் வரலாறு’, முத்துக்குளித்துறைப் பரதவர்களுக்காக எழுதப்பட்டது. திருமுழுக்குப் பெற்று அரை நூற்றாண்டே ஆகியிருந்த மக்களுக்கு, விசுவாசத்தோடு வாழ்வது எப்படி என்பதை மனிதர்களின் கதைகளாலேயே அது கற்பித்தது. அந்தக் கரையில் உழைத்த பிரான்சிஸ் சவேரியார் 1545-இல் மலாக்காவுக்கு வந்தார். ஜார்ஜ்டவுனில் தமிழ்க் கத்தோலிக்கர் கூடும் ஆலயம் அவர் பெயரையே தாங்கியிருக்கிறது. பழந்தமிழ் அச்சு நூல்களைத் தேடி ஆராய்ந்த தனிநாயகம் அடிகளும் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். 1966-இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கூட்டியவர். ஆகவே பாகான் டாலாம் வாசகருக்கு இது அயலார் மரபு அன்று.

18-ஆம் நூற்றாண்டில் இம்மரபு காப்பியமாக உயர்ந்தது. வீரமாமுனிவர் ‘தேம்பாவணி’யில் சூசையப்பரை வளன் என்னும் தமிழ்க் காப்பியத் தலைவனாக்கினார். ஆனால் காப்பியத் தலைவனை வியக்கலாம், பின்பற்றுவது கடினம். அந்த இடைவெளியை 20-ஆம் நூற்றாண்டு உரைநடை குறைத்தது. தோனாவூரில் பணியாற்றிய ஏமி கார்மைக்கேல், தம் உடன்ஊழியர் பொன்னம்மாளின் வாழ்க்கையை 1918-இல் ஆங்கிலத்தில் எழுதினார். இளம் விதவையான பொன்னம்மாள் நெய்யூரில் கைக்குழந்தைகளைப் பேணியவர். 1915-இல் புற்றுநோயால் இறந்தவர். அற்புதங்கள் அல்ல, அன்றாடக் கடமையும் வலியும்தான் அவர் கதை. சீடத்துவம் கற்க விரும்புவோருக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இந்நூலையே.

பேராயர் அசரியாவைப் பற்றிய நூல்கள் வேறொரு வளர்ச்சியைக் காட்டுகின்றன. வெள்ளாளன்விளையில் பிறந்து, 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானவர் அவர். 1946-இல் கரோல் கிரகாம் எழுதிய வரலாறு அன்பால் நெய்யப்பட்டது. 2000-இல் சூசன் ஹார்ப்பர் எழுதிய ஆய்வோ, மதமாற்றம் குறித்து அவருக்கும் காந்திக்கும் இருந்த கருத்து மோதலையும் விரிவாகப் பேசுகிறது. மோதலைச் சொன்னதால் அசரியா சிறுக்கவில்லை. நம் காலத்து மனிதராக நெருங்கி வருகிறார். இன்றைய வாசகருக்கு வேண்டியது இந்த நேர்மைதான்.

அவ்வாறே நமக்கு நெருங்கி வரும் இன்னொருவர் உண்டு. 1752-இல் ஆரல்வாய்மொழியில் கொல்லப்பட்ட தேவசகாயம் பிள்ளை 2022-இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். குருவும் அல்லர், துறவியும் அல்லர். மனைவியோடு குடும்பம் நடத்திய பொதுநிலையினர். புனித வாழ்வு வீட்டிலும் வேலையிலும் தொடங்கும் என்பதற்கு அவரே சான்று.

ஆயினும் இவ்வரிசையில் பெரிய வெற்றிடம் ஒன்று உண்டு. ரப்பர்த் தோட்டத்திலும் துறைமுகத்திலும் உழைத்துக்கொண்டே ஜெபக்கூட்டம் நடத்தியவர்கள், ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குத் தமிழும் வேதமும் சொல்லித்தந்த பெண்கள், இவர்களைப் பற்றிய நூல்கள் மிக அரிது. நினைவு மலர்கள் போதகர்களின் பெயர்ப்பட்டியலோடு நின்றுவிடுகின்றன. புகழுரை சீடரை உருவாக்காது. தடுமாறிய நாளையும் மன்னித்த நாளையும் சேர்த்துச் சொல்லும் கதைதான் உருவாக்கும்.

பட்டர்வொர்த் வட்டாரச் சபைகளின் இளைஞர்கள் தங்கள் மூத்தவர்களோடு உட்கார்ந்து, அவர்கள் சொல்வதைக் குரல்பதிவு செய்து எழுத வேண்டும். அந்தத் தலைமுறை நம்மோடு இருக்கும்போதே அதைச் செய்யுங்கள்.