விலையைப் பார்க்கும் முன் கொம்பைப் பாருங்கள்
மாணவருக்கான வரைகலை மென்பொருள்கள்: ஒரு மதிப்பீடு

தமிழ்மொழிக் கழகச் சுவரொட்டி, பொங்கல் விழா அழைப்பிதழ், ஆண்டு மலரின் அட்டை என்று எல்லாவற்றையும் இப்போது மாணவர்களே வடிவமைக்கிறார்கள். ஆகவே "டீச்சர், எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம்?" என்ற கேள்வி நம்மில் பலருக்கும் வருகிறது. இணையத்தில் தேடினால் 'சிறந்த பத்து மென்பொருள்கள்' என்று பட்டியல் பட்டியலாகக் கிடைக்கும். அவற்றில் பெரும்பாலானவை ஆங்கில எழுத்தை மட்டும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. தமிழில் வேலை செய்யப்போகும் மாணவர் அந்தப் பட்டியலை நம்பிக் காசு கொடுத்தால் ஏமாற வாய்ப்புண்டு.

எனவே மூன்று கேள்விகளை வைத்து இங்கே மதிப்பிடுகிறேன். தமிழ் எழுத்து உடையாமல் நிற்கிறதா? குடும்பத்தால் அந்தச் செலவைத் தாங்க முடியுமா? பள்ளியை விட்டுப் போன பிறகும் செய்த வேலை மாணவர் கையில் இருக்குமா?

எழுத்து ஏன் உடைகிறது?

யூனிகோடு முறையில் 'லை' என்ற எழுத்தைக் கணினி முதலில் 'ல' என்றும் அடுத்து ஐகாரக் குறி என்றும் சேமிக்கிறது. திரையில் காட்டும்போது அந்தக் குறியை எழுத்துக்கு முன்னால் நகர்த்த வேண்டியது மென்பொருளின் வேலை. அந்த வேலையைச் செய்யாத மென்பொருளில் 'தலைமை' என்று தட்டச்சு செய்தால், முதல் குறி 'ல'வை விட்டு விலகி 'ம'வுக்கு முன்னால் போய் நிற்கும். படிப்பவர் கண்ணுக்கு அது 'தலமை' என்றும், கடைசியில் ஒரு குறி அநாதையாகத் தொங்குவதாகவும் தெரியும். ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, இணைக்கொம்பு எல்லாவற்றுக்கும் இதே கதிதான். உகர, ஊகார வரிசையில் 'கூ', 'டு' போன்றவை ஒட்டாமல் பிரிந்து நிற்கும்.

எகர ஏகாரக் குழப்பம் தீர வேண்டும் என்று வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் செய்த சீர்திருத்தத்தை நாம் வகுப்பில் நடத்துகிறோம். அதே பள்ளியின் அறிவிப்புப் பலகையில் கொம்பு இடம் மாறிய சுவரொட்டி தொங்கினால், படிவம் 1 மாணவன் எதை நம்புவான்?

இதற்குச் சிலர் பாமினி போன்ற பழைய எழுத்துருவைக் குறுக்குவழியாகப் பயன்படுத்துகிறார்கள். எழுத்து உடையாதுதான். ஆனால் அந்தக் கோப்பு உண்மையில் ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தியது. எழுத்துரு இல்லாத இன்னொரு கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாக வரும். தேடவும் முடியாது, நகலெடுத்து வேறு இடத்தில் ஒட்டவும் முடியாது. மாணவருக்கு இந்தப் பழக்கத்தைக் கற்றுக் கொடுக்காமல் இருப்பது நல்லது.

அடோபி: தரம் உண்டு, தவணையும் உண்டு

ஃபோட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர், இன்டிசைன் மூன்றும் தொழில்துறையில் நிலைபெற்றவை. மூன்றிலும் தமிழ் சரியாக வரும், ஆனால் அமைப்பை நாம் மாற்ற வேண்டியிருக்கலாம். ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் 'பிரெஃபரன்சஸ்' பகுதியில் 'டைப்' என்பதற்குள் போய் 'வேர்ல்ட்-ரெடி லேஅவுட்' என்பதைத் தேர்ந்தெடுக்கணும். இல்லஸ்ட்ரேட்டரில் அதே 'டைப்' பகுதியில் 'ஷோ இண்டிக் ஆப்ஷன்ஸ்'. இன்டிசைனில் பத்திக்கான பலகத்தில் 'வேர்ல்ட்-ரெடி' வகையைத் தேர வேண்டும். இது தெரியாமல் 'அடோபியில் தமிழே வராது' என்று முடிவு கட்டியவர்கள் நிறைய பேர்.

பிரச்சினை விலைதான். இதை ஒரே தடவை காசு கட்டி வாங்க முடியாது, சந்தா கட்டணும். மாணவர் சலுகை உண்டு என்றாலும் அறிமுக ஆண்டு முடிந்ததும் கட்டணம் ஏறக்கூடும். ஆண்டுச் சந்தாவை மாதத் தவணையில் கட்டும் திட்டத்தில் சேர்ந்து, 14 நாளுக்குப் பிறகு நிறுத்தினால், மீதி மாதங்களுக்கான தொகையில் பாதியைக் கேட்பது அந்த நிறுவனத்தின் வழக்கமான விதி. இந்த விதியைத் தெளிவாகச் சொல்லவில்லை என்று அமெரிக்க அரசு 2024 ஜூனில் வழக்கே தொடுத்தது. அதனால் அப்பா அம்மாவின் வங்கி அட்டையைக் கொடுக்கும் முன் நிபந்தனைகளைக் குடும்பமாக உட்கார்ந்து படியுங்கள். கணினியும் ஈடுகொடுக்க வேண்டும். ஃபோட்டோஷாப் குறைந்தது 8 ஜிபி நினைவகம் கேட்கிறது. 16 இருந்தால்தான் நிம்மதி.

கேன்வா: எளிது, ஆனால் வாடகை வீடு

பள்ளி ஆசிரியருக்கும் மாணவருக்கும் கேன்வாவின் கல்விப் பதிப்பு இலவசம். நம் டெலிமா கணக்கிலேயே நுழையலாம். தமிழ் உடைவதில்லை. கைப்பேசியிலும் ஓடுகிறது, வீட்டில் மடிக்கணினி இல்லாத பி40 பிள்ளைகளுக்கு இது பெரிய வரம்.

குறைகளும் சொல்லத்தான் வேண்டும். அழகான வார்ப்புருவைத் தேர்ந்து அதில் தமிழைத் தட்டினால், அந்த எழுத்துருவில் தமிழ் இல்லாததால் வேறொரு சாதாரண எழுத்து வந்து உட்காரும். தலைப்பு களையிழந்துவிடும். தமிழுள்ள எழுத்துருவை நாமே தேடிப் போடணும். எல்லாரும் அதே வார்ப்புருவை எடுப்பதால் பத்துப் பள்ளிச் சுவரொட்டிகள் அக்கா தங்கை போல இருக்கும். மேலும் கல்விக் கணக்கு பள்ளியோடு கட்டுண்டது. எஸ்.பி.எம். முடித்து வெளியேறும் மாணவர், நல்ல படைப்புகளை முன்கூட்டியே பிடிஎஃப் கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

இங்க்ஸ்கேப்: நம் பரிந்துரை

2003இல் தொடங்கிய இங்க்ஸ்கேப் கட்டற்ற மென்பொருள். விலை இல்லை, சந்தா இல்லை, கணக்கு திறக்கவும் வேண்டாம். எந்த அமைப்பையும் மாற்றாமலேயே தமிழ் சரியாக நிற்கிறது. ஓரளவு பழைய கணினியிலும் ஓடும். சின்னம், சுவரொட்டி, பதாகை போன்றவற்றுக்குப் போதுமானது. நிழற்படத்தைத் திருத்த இதே வகையைச் சேர்ந்த கிம்ப் இருக்கிறது, அதன் 3.0 பதிப்பு 2025 மார்ச்சில் வந்தது.

சும்மா புகழவில்லை. இங்க்ஸ்கேப்பின் பொத்தான்கள் முதல் வாரத்தில் மிரட்டும். அச்சகத்துக்குத் தேவையான சிஎம்ஒய்கே வண்ணத்தைக் கையாள்வதில் அடோபிக்கு ஈடாகாது. அச்சகத்துக்கு அனுப்பும் முன் எழுத்தை வடிவமாக மாற்றிவிடுங்கள் (ஷிஃப்ட், கன்ட்ரோல், சி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் போதும்). அங்கே அந்த எழுத்துரு இல்லாவிட்டாலும் கவலையில்லை. மாற்றாத மூலக் கோப்பைத் தனியாக வைத்திருங்கள். பிழை திருத்த அது வேணும்.

அஃபினிட்டி பற்றியும் கேட்கிறார்கள். 2024 மார்ச்சில் கேன்வா அதை வாங்கியது; 2025 அக்டோபரில் புதிய பதிப்பை இலவசமாக்கியது. முந்தைய பதிப்புகளில் தமிழ் சரியாக வராது. புதியதை நிறுவினால், வேறெதையும் தொடும் முன் கீழேயுள்ள சோதனையைச் செய்து பாருங்கள்.

எழுத்துருவுக்குச் செலவு வேண்டாம்

நோட்டோ சான்ஸ் தமிழ், மீரா இனிமை, முக்த மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரான் ஆகியவை திறந்த உரிமத்தில் கிடைப்பவை. அச்சிடலாம், விற்கும் பொருளிலும் பயன்படுத்தலாம். ஆப்பிள் கணினி வைத்திருப்போருக்கு நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய இணைமதி உள்ளேயே இருக்கிறது.

சோதனை வரி

எந்த மென்பொருளானாலும் முதலில் இதைத் தட்டச்சு செய்யுங்கள்:

தலைமை, கொடி, தேர், பௌர்ணமி, கூடு, ஸ்ரீ

ஆறும் சரியாக வந்தால் தொடரலாம். உடைந்தால், எந்த உயிர்க்குறி எங்கே நகர்ந்தது என்று மாணவரையே விளக்கச் சொல்லுங்கள். உயிர்மெய் வடிவங்களை மீள்பார்வை செய்ய நல்ல பயிற்சி, தேர்வுக்கும் உதவும்.

முடிவாக

கைப்பேசி மட்டும் உள்ள மாணவர் கேன்வாவில் தொடங்கட்டும். மடிக்கணினி உள்ளவர் இங்க்ஸ்கேப்பைப் பழகட்டும். வடிவமைப்பையே மேற்படிப்பாக எடுக்கப்போகிறவர், கல்லூரி எதைக் கேட்கிறது என்று தெரியும்வரை அடோபிக்குக் காசு கட்ட வேண்டாம். அவசியமென்றால் 7 நாள் இலவசச் சோதனை இருக்கிறது. திருட்டுப் பிரதியை மட்டும் யாரும் பரிந்துரைக்காதீர்கள். அது சட்டப்படி குற்றம், நச்சுநிரலும் கூடவே வரலாம். இலவசமாகவே நல்ல கருவிகள் இருக்கும்போது அதற்குத் தேவையும் இல்லை.