ஒப்புரவும் ஈகையும்

மேடையேறி நன்கொடை அளிப்பவரையும் வாயிலில் வந்து நிற்பவர்க்கு அரிசி இடுபவரையும் ‘வள்ளல்’ என்னும் ஒரே சொல்லால் புகழ்கிறோம். வள்ளுவர் அவ்வாறு கலந்தாரல்லர். 22ஆம் அதிகாரம் ஒப்புரவறிதல். 23ஆம் அதிகாரம் ஈகை. முன்னது இம்மை நோக்கியது, பின்னது மறுமை நோக்கியது எனப் பரிமேலழகர் பிரித்தார். அப்பிரிவு போதாது. வறியார்க்குக் கொடுப்பதையே 221ஆம் குறள் ஈகை என்கிறது. ஏனைய கொடையெல்லாம் குறியெதிர்ப்பை, அதாவது அளந்து வாங்கி அவ்வளவே திருப்பும் கைம்மாற்று. (திருமண வீட்டு மொய்க்கு இதனினும் பொருந்திய பெயர் உண்டோ?) ஒப்புரவோ ஊருணி நீர் போன்றது. முகக்க வருபவன் வறியவனா என்று அங்கே கேட்பாரில்லை.

ஊருணி, பழமரம், மருந்துமரம் என்னும் உவமைகளை மட்டும் நோக்கி, ஒப்புரவு செல்வர்க்கே உரியது என்பாரும் உளர். அவர்கள் 218ஆம் குறளை விரைந்து கடந்துவிட்டனர். செல்வம் சுருங்கிய காலத்தும் கடமை அறிந்தோர் ஒப்புரவில் தளரார் என்பது அதன் கருத்து. 1950களில் மலாயாப் பல்கலைக்கழக இந்திய இயல் துறையின் பொருட்டுத் தமிழ் முரசு ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதி திரட்டியபோது, கூலியுழைப்பாளரும் தம்மால் இயன்றதைத் தந்தனர். அதனை ஈகை என எழுதுவது பிழை; அங்கே இரந்தவர் எவருமிலர். ஆசிரியர்கள் அந்நிகழ்ச்சியை ஈகை அதிகாரத்திற்கு எடுத்துக்காட்டாக்காமல், 218ஆம் குறளை நடத்தும்போது சொல்வதே முறை.