கூடாரத்தைச் சுமந்தவர்கள்

“ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்குப் போறன் தம்பி. பிளேன்ல வாசிக்க நல்ல வேட்டைப் புத்தகம் ஒண்டு சொல்லும்.”

காத்தோங்கில், சிலோன் சாலை விநாயகர் கோயிலுக்குப் பக்கத்துக் காப்பிக்கடையில் அண்ணை இப்படிக் கேட்டபோது கொஞ்சம் திகைத்துப்போனேன். யாழ்ப்பாணத்தில் படித்து, இங்கே வந்து வேலைபார்த்து ஓய்வுபெற்றவர். நமீபியாவில் பத்து நாள். கைப்பேசியில் விலைப்பட்டியலைக் காட்டினார். தங்குவதற்கு நாள் கணக்கு. ஒவ்வொரு மிருகத்துக்கும் தனிக் கட்டணம். தலையைப் பாடம் செய்து அனுப்புவதற்கு வேறு கணக்கு. காயம்பட்டுத் தப்பி ஓடிய மிருகத்துக்கும் முழுப் பணம். எல்லாமே அந்த நாட்டுச் சட்டப்படிதான். ஆனால் ‘கொல்வது’ என்ற சொல் எங்கும் இல்லை. ‘அறுவடை’ என்று இருந்தது. கடைசி வரியில், தடம் பார்ப்பவருக்கும் தோல் உரிப்பவருக்கும் தரவேண்டிய அன்பளிப்பு இந்தத் தொகையில் சேராது என்றொரு குறிப்பு.

அந்தக் கடைசி வரியைப் பார்த்ததும் சாமுவேல் பேக்கர் ஞாபகத்துக்கு வந்தார். அவருடைய பெயரையே சொன்னேன்.

பேக்கர் 1845இல் இலங்கைக்கு வந்தது யானை சுடுவதற்காக. காய்ச்சலில் விழுந்து, நுவரெலியாவின் குளிரில் தேறினார். இங்கிலாந்துக்குத் திரும்பியவர் 1848இல் குடும்பத்தோடும் வேட்டைநாய்களோடும் மாடுகளோடும் கப்பலேறி வந்து அங்கேயே ஒரு குடியேற்றத்தை உண்டாக்கினார். துப்பாக்கியையும் வேட்டைநாயையும் தலைப்பிலேயே வைத்து 1850களில் அவர் எழுதிய சிலோன் வேட்டைப் புத்தகம் இன்றும் வாசிக்கக் கிடைக்கிறது. நல்ல உரைநடைக்காரர். காட்டின் ஈரம், விடியற்கால மூடுபனி எல்லாம் பக்கத்தில் இறங்கிவரும். ஆனால் யானைகள் விழ விழ, வாசகனுக்கு அலுத்துப்போகிறது. பத்தாவது யானையும் முதல் யானையைப் போலவேதான் விழுகிறது.

எனக்கு அலுக்காதவை அவர் மூட்டைகட்டும் பக்கங்கள். வெப்பநாட்டு வேட்டைக்கு உடல் சௌகரியம் மிக முக்கியம் என்று தொடங்கி, குடை மாதிரி விரியும் கூடாரம், அதன் நடுக்கம்பத்தைச் சுற்றிப் பொருந்தும் மேசை, தகரப் பெட்டிகள், சாப்பாட்டுச் சாமான்கள் என்று அடுக்கிக்கொண்டே போவார். ஒரு நல்ல குடும்பத்தலைவரின் அக்கறை அதில் தெரிகிறது. சுடும் காட்சியில் பேக்கர் தனி வீரர். மூட்டைகட்டும் பக்கத்தில் அப்படி இருக்க முடியாது. அந்த மேசை தானாகக் காட்டுக்குள் நடந்து போகாதே! அங்கே கூலிகள் வந்தே ஆகவேண்டும். வருகிறார்கள், எண்ணிக்கையாக. ஸ்மட், கில்பக் என்ற நாய்களுக்குப் பெயரும் குணச்சித்திரமும் உண்டு. தடம் பார்ப்பவர்களின் திறமையைக்கூட ஓரிடத்தில் மெச்சுவார். சுமப்பவனுக்குத்தான் முகமே இல்லை.

அது காப்பித் தோட்டங்களின் காலம். தமிழ்நாட்டிலிருந்து கடல் தாண்டி, மன்னார் பக்கம் இறங்கி, மத்திய மலைநாட்டுக்குக் காட்டுவழியே நடந்தார்கள் நம்மாட்கள். கொலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே பலர் செத்தார்கள். பேக்கர் இன்பத்துக்காக நுழைந்த தீவுக்காட்டை இவர்கள் பிழைப்புக்காகக் கடந்தார்கள். அவர் கையில் என்ன கொண்டுபோக வேண்டும் என்ற பட்டியல் இருந்தது. இவர்கள் கொண்டுபோனதற்குப் பட்டியல் எழுதியவர் யாருமில்லை.

தமிழ் வாசகர்களான நாம் வேட்டை இலக்கியத்துக்குள் பேக்கர் வழியாக வரவில்லை. தி.ஜ.ர. மொழிபெயர்த்த ஜிம் கார்பெட்டின் ‘குமாயுன் புலிகள்’ வழியாக வந்தோம். அதில் பயணத் திட்டம் கிடையாது. ஊர் கூப்பிடும், கார்பெட் நடப்பார். அதனாலேயே வேட்டைக்காரன் என்றதும் காவலன் என்று ஒரு படம் நம் மனதில் விழுந்துவிட்டது. அண்ணை மனதிலும் அந்தப் படம்தான் என்று நினைக்கிறேன். விலைப்பட்டியலோடு போகிறவர் கார்பெட்டின் வழியில் அல்ல, பேக்கரின் வழியில்தான் போகிறார்.

கார்பெட் எழுதியதில் நான் பெரிதாக மதிப்பது புலிக்கதைகளை அல்ல, ‘எனது இந்தியா’வை. யுவன் சந்திரசேகர் தமிழில் தந்திருக்கிறார். மொகாமே காட்டில், அகல ரயில்பாதைக்கும் மீட்டர் பாதைக்கும் நடுவே மனிதர்கள் சரக்கை இறக்கி ஏற்றிய இடத்தில், இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒப்பந்தக்காரராக இருந்தவர் அவர். சுமப்பவர்களோடேயே வாழ்ந்தவர். அதனால் புத்து, சமாரி என்று அத்தியாயங்களுக்கே அவர்கள் பெயர். 1947இல் கென்யாவுக்குப் போனபின், 1952இல் அந்தப் புத்தகம் வந்தது. ஆப்பிரிக்காவில் வாழ்ந்த வேட்டைக்காரர் ஒருவர், தனக்காகச் சுமந்தவர்களை நினைத்து எழுதியது. குறை உண்டு. நல்ல துரையின் பார்வையை அவர் தாண்டவில்லை. அத்தனை பாரம் ஏன் மனித முதுகில் ஏற வேண்டும் என்று கேட்கவில்லை. ஆனால் சமாரியின் சாவை வாசித்தவர்களுக்கு அவன் வெறும் எண்ணிக்கை ஆகமாட்டான். பேக்கருக்குக் கைவராதது அது.

இரண்டு புத்தகங்களையும் அண்ணையிடம் கொடுத்தேன். போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை; அவரும் கேட்டிருக்க மாட்டார். போன வாரம் அதே கடையில் பார்த்தேன். பேக்கரைப் பாதியில் நிறுத்திவிட்டாராம். “ஒரே சூடு, ஒரே யானை.” கார்பெட்டை முடித்திருந்தார். கோப்பியைக் குடித்துவிட்டுக் கொஞ்சநேரம் சும்மா இருந்தார்.

“அந்தத் தடம் பார்க்கிற பெடியன்ர பேரென்ன எண்டு மெயில் போட்டுக் கேட்டனான் தம்பி. வந்திறங்கினாப் பிறகுதான் ஆள் ஒதுக்குவினமாம்.”

டிக்கெட்டை இன்னும் ரத்துசெய்யவில்லை.