சிண்டிகேட் வாசலில் பில் வாட்டர்சன்

அமெரிக்க நாளிதழ்களில் படத்தொடர் வரைய ஆசைப்படுகிறவர் பத்திரிகை அலுவலகத்தின் படியேறுவதில்லை. சிண்டிகேட்டுக்குத்தான் அனுப்புகிறார். ஓவியரிடம் தொடரை வாங்கி, நூற்றுக்கணக்கான நாளிதழ்களுக்கு விற்று, வரும் பணத்தில் வழக்கமாகச் சரிபாதியை எடுத்துக்கொள்ளும் நிறுவனம் அது. முத்து காமிக்ஸில் நாம் விழுந்து விழுந்து படித்த மாண்ட்ரேக், ரிப் கெர்பி, காரிகன் எல்லாரும் கிங் ஃபீச்சர்ஸ் சிண்டிகேட் வழியாக அங்கே தினசரிகளில் சில கட்டங்களாக வந்தவர்கள்தான். இந்த ஏற்பாடு கலைஞனுக்கு நன்மை செய்ததா, தீமை செய்ததா? 'கால்வின் அண்ட் ஹாப்ஸ்' வரைந்த பில் வாட்டர்சனின் வழக்கை எடுத்துக்கொண்டால் இரு பக்கத்து நியாயமும் முழுதாகத் தெரியும்.

1980இல் கென்யன் கல்லூரியை முடித்தவருக்கு 'சின்சினாட்டி போஸ்ட்' நாளிதழில் அரசியல் கார்ட்டூன் வேலை கிடைத்தது. சில மாதங்களிலேயே போனது. பிறகு சில ஆண்டுகள் மளிகைக்கடை, கார் விளம்பரங்களுக்குப் பக்கம் வடிவமைக்கும் பிழைப்பு. அந்தக் காலம் முழுக்கத் தொடர்களை வரைந்து சிண்டிகேட்டுகளுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். திரும்பி வந்துகொண்டே இருந்தன.

இந்த நிராகரிப்புகளை அநியாயம் என்று சொல்லும் பழக்கம் நம்மிடம் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. சிண்டிகேட்டுகள் புதியவரிடம் பொதுவாகக் குறைந்தது 24 தினசரித் தொடர்களைக் கேட்கும். வாரத்துக்கு ஆறு என்று நான்கு வாரச் சரக்கு. ஒரு வாரத்துக்குச் சிரிக்கவைக்க யாராலும் முடியும். நான்காவது வாரத்தில்தான் பாத்திரங்களுக்கு உயிர் இருக்கிறதா, வெறும் துணுக்குக்குத் துணை நிற்கிறார்களா என்பது அம்பலமாகும். பல ஆண்டுகள் தினமும் ஓட வேண்டிய தொடருக்கு இதைவிடச் சுருக்கமான சோதனை போதாது.

அந்த வாசலில் இருந்தவர்களுக்குக் கண்ணும் இருந்தது. வாட்டர்சன் அனுப்பிய ஒரு தொடரில் நாயகனின் தம்பியும் அவனுடைய பொம்மைப் புலியும் ஓரமாக வந்துபோவார்கள். யுனைடெட் ஃபீச்சர் சிண்டிகேட் அந்த இருவரைத்தான் கவனித்தது. அவர்களை நடுவில் வைத்து வரையச் சொன்னது. கலைஞனுக்கே தெரியாமல் ஓரத்தில் கிடந்த மையத்தைத் தொட்டுக் காட்டுவது பெரிய விமர்சகனின் வேலை. அந்தப் பெருமையை யுனைடெட்டுக்குக் கொடுக்காமல் எழுதப்படும் எந்த வரலாறும் பாதி வரலாறுதான்.

அடுத்து அதே நிறுவனம் கேட்டது என்ன? வணிகப் பொருள்களில் விற்பதற்காகவே உருவான 'ரோபோமேன்' என்ற பாத்திரத்தை அந்தத் தொடருக்குள் சேர்க்கச் சொன்னது. வருடக்கணக்கில் காத்திருந்து கதவு பாதி திறந்த நேரம். வாட்டர்சன் மறுத்தார். யுனைடெட் அவருடைய தொடரைக் கைவிட்டது. ரோபோமேன் ஜிம் மெடிக் என்ற ஓவியரிடம் போய்த் தனித்தொடராக வந்தது. அந்தத் தம்பியும் பொம்மைப் புலியும் கால்வின், ஹாப்ஸ் என்ற பெயர்களில் யுனிவர்சல் பிரஸ் சிண்டிகேட் வழியாக 1985 நவம்பர் 18 அன்று சுமார் 35 நாளிதழ்களில் தொடங்கினார்கள்.

தொடர் வென்றதும் யுனிவர்சலும் பொம்மை, சட்டை என்று விற்க விரும்பியது. முதல் ஒப்பந்தம் அந்த உரிமையைச் சிண்டிகேட்டிடமே வைத்திருந்தது. பல ஆண்டு இழுபறிக்குப் பிறகு 1991இல் ஒப்பந்தம் மாற்றி எழுதப்பட்டு உரிமை வாட்டர்சன் கைக்கு வந்தது. வணிகப் பொருள்கள் தொடரின் உயிரையே கெடுத்துவிடும் என்பது அவர் வாதம். அந்த வாதத்தை அப்படியே ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. சார்லஸ் ஷுல்ஸின் 'பீனட்ஸ்' தொடரில் வரும் நாய் ஸ்னூப்பியின் படம் போட்டு விற்காத பொருளில்லை; ஆனாலும் ஷுல்ஸ் 50 ஆண்டுகள் தன் கையாலேயே வரைந்த 'பீனட்ஸ்' தனிமையையும் தோல்வியையும் சொன்ன ஆழத்தில் பெரிதாகக் குறைவு வரவில்லை. ஆகவே விற்பது குற்றமில்லை. யார் முடிவெடுப்பது என்பதுதான் கேள்வி. அதில் நியாயம் முழுக்க வாட்டர்சன் பக்கம். யுனிவர்சல் தன்னிடமிருந்த உரிமையை வைத்து அவரைத் தள்ளிவிட்டு வேறு கையை அமர்த்தவில்லை. அதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

வணிகப் பொருள்களைப் பற்றிப் பேசும் அளவுக்கு யாரும் பேசாத இன்னொரு தீமை, ஞாயிற்றுக்கிழமைப் பக்கம். ஒவ்வொரு நாளிதழும் வேறு வேறு அளவில் போடும் என்பதால், கட்டங்களைப் பிரித்து மாற்றி அடுக்கும்படி வரைய வேண்டும். தலைப்பு இருக்கும் மேல் வரிசையைப் பல நாளிதழ்கள் வெட்டிவிடும்; அங்கே கதைக்குத் தேவையான எதையும் வைக்க முடியாது. வெட்டப்படுவதற்கென்றே வாராவாரம் ஒரு துணுக்கு வரைந்து வைக்கிறார் ஓவியர். 1992இல் நீண்ட விடுப்பிலிருந்து திரும்பிய வாட்டர்சன், யாரும் பிரிக்க முடியாத அரைப்பக்கம் கேட்டு வாங்கினார். அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளைப் பாருங்கள்: ஒரே பெரிய கட்டத்தில் டைனோசர், அடுத்து வசனமே இல்லாத நீள நீளக் கட்டங்கள், காலியாக விட்ட வெள்ளை. அதுவரை அந்தக் கைக்குப் போடப்பட்டிருந்த பூட்டு எவ்வளவு இறுக்கமானது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். ஆனால் இதைக் கேட்டு வாங்கும் பலம் பெருவெற்றி கண்ட அவருக்கு இருந்தது. முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் 25 வயதுப் பையனுக்கோ பெண்ணுக்கோ அது கிடையாது.

புதியவருக்கு இன்னொரு தடை, நாளிதழில் இடமே காலியாகாதது. 'பிளாண்டி'யைத் தொடங்கிய சிக் யங் 1973இல் இறந்தார், தொடர் ஓடுகிறது. எர்னி புஷ்மில்லர் 1982இல் இறந்தார், 'நான்சி' ஓடுகிறது. தன் தொடரை வேறு யாரும் வரையக் கூடாது என்று உறுதியாக இருந்த ஷுல்ஸும், 1995 டிசம்பர் 31 அன்று 2,400க்கும் மேற்பட்ட நாளிதழ்களில் ஓடிக்கொண்டிருந்ததைத் தானே நிறுத்திய வாட்டர்சனும் விதிவிலக்குகள். இப்போது நாளிதழ்களே படத்தொடர்ப் பக்கத்தைக் குறைத்துவருகின்றன.

என் தீர்ப்பு இதுதான். தேர்ந்தெடுப்பவனாக சிண்டிகேட் மரியாதைக்குரியது. உரிமையாளனாக அது கலைக்கு இழைத்த கேடு, கொண்டுசேர்த்த வாசகர் கூட்டத்தால் ஈடாகாது. அந்தக் கூட்டமும் சுருங்கிவரும் இன்று, உரிமையை எழுதிக்கொடுக்கக் காரணம் எதுவும் மிச்சமில்லை. 24 தொடர்களை உறையில் போட்டுக்கொண்டிருக்கும் இளைஞரே, அனுப்புங்கள். ஓர் ஆசிரியரின் கண் அதன்மேல் படட்டும். ஒப்பந்தம் வந்தால், பாத்திரங்களின் உரிமை யாருக்கு என்று எழுதியிருக்கும் பத்தியை முதலில் படியுங்கள். அங்கே உங்கள் பெயர் இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.