விடுகதை போடும் கிரந்தம்

‘ஹுகம்’ என்றதும் நம் ஊரில் பாதிப் பேருக்கு ரஜினி ஞாபகம்தான் வரும். 2023-இல் வந்த ‘ஜெயிலர்’ படத்துப் பாட்டு அந்தச் சொல்லைப் பட்டிதொட்டியெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது. சந்தோஷம். ஆனால், அதற்கு ஐந்நூறு வருஷம் முன்பே பஞ்சாபில் ஒருவர் இந்தச் சொல்லை மூச்சாக வைத்துப் பாடினார் என்று சொல்லிப் பாருங்கள். “அப்படியா சார்?” என்று கேட்டுவிட்டு போனுக்குத் திரும்பிவிடுவார்கள்.

அமிர்தசரஸ் போய் வந்தவர்களைக் கேட்டால் இன்னும் மோசம். பொற்கோயில் தண்ணீரில் மின்னியது, லங்கர் சாப்பாட்டில் பருப்பு பிரமாதம், வாகா எல்லையில் செம கூட்டம். அவ்வளவுதான் யாத்திரை. விடியற்காலை இருட்டில் ஒரு நூலைப் பல்லக்கில் ஏற்றி எதற்காக உள்ளே கொண்டுபோகிறார்கள், திறந்ததும் என்ன படிக்கிறார்கள் என்று விசாரித்து வந்தவர் ஒருவரைக்கூட நான் சந்திக்கவில்லை. அந்த எரிச்சலில்தான் இதை எழுத உட்கார்ந்தேன். மூன்றே படிகள்: சொல், பொருள், பழக்கம். கூடவே வாருங்கள்.

முதல் படியை ஓடிக் கடந்துவிடலாம். குரு நானக் (1469–1539) சீக்கிய மரபின் முதல் குரு. அவருடைய ஜப்ஜி என்னும் பாடல்தான் குரு கிரந்த சாஹிபின் வாசல். பல்லக்கில் போகும் நூல் இந்தக் கிரந்தம்தான், இன்றைய அச்சில் 1430 பக்கம். ஜப்ஜியில் 38 ‘பௌடி’கள். பௌடி என்றாலே படிக்கட்டுதான். முதல் பௌடியிலேயே கேள்வி வந்துவிடுகிறது: உண்மையானவனாக ஆவது எப்படி, பொய்யின் சுவரை இடிப்பது எப்படி? ஹுகத்தின் வழி நடப்பதுதான் என்று பதிலும் அங்கேயே. இரண்டாம் பௌடி அதை விரிக்கிறது. உருவங்கள், உயிர்கள், உயர்வு தாழ்வு, இன்ப துன்பம் எல்லாம் ஹுகத்தால். அதற்கு வெளியே எவரும் இல்லை. அதைப் புரிந்துகொண்டவர் வாயில் ‘நான்’ வராது. அந்த ‘நான்’ நோய்க்கு ‘ஹௌமை’ என்று பெயர். ‘ஹௌ’ என்றாலும் நான், ‘மை’ என்றாலும் நான். நான்-நான்!

ஹுகம் அரபியிலிருந்து வந்த சொல், ஆணை என்பது அகராதிப் பொருள். வைத்தியம் பார்க்கும் ஹக்கீம் அதற்கு ஒன்றுவிட்ட சொந்தம். ஆணையும் அறிவும் ஒரே வேரில் பிறந்தவை. முதல் பௌடியில் ஹுகத்துக்குப் பக்கத்திலேயே ‘ரஜா’ வருகிறது. ரஜா! நம் தாத்தாக்கள் ஆபீசுக்குப் போடுவார்களே, அதே ரஜாதான். மேலே இருப்பவரின் சம்மதம் என்பது மூலப் பொருள். அது அனுமதியாகி, லீவாகத் தேய்ந்து நம்மிடம் வந்தது. ஆக ஜப்ஜியின் சொல் ஒன்று ஏற்கெனவே நம் வீட்டில்தான் இருந்திருக்கிறது.

இரண்டாம் படி, பொருள். இங்கே கொஞ்சம் நின்றுதான் ஆகவேண்டும். ஏனென்றால் எல்லாரும் வழுக்கி விழும் இடம் இதுதான்.

ஹுகத்தைத் தமிழில் சொல்லச் சொன்னால் இரண்டு சொல் வரும். ஒன்று, விதி. சொன்னவுடனேயே உள்ளங்கையைத் தூக்கி நெற்றியில் அடித்துக்கொள்வார்கள். தலையெழுத்து, என்ன செய்வது, காபி கொண்டா. இதற்கு நானக் எதற்கு? நம் சினிமாவே போதும். இன்னொன்று, கட்டளை. இது பார்க்க கௌரவமாக இருக்கும். மேலே ஒருவர் உத்தரவு போடுகிறார், கீழே நாம் சல்யூட் அடிக்கிறோம். சமய ஒப்பீட்டுப் புத்தகங்களும் இதைத்தான் கையைக் கட்டிக்கொண்டு சொல்கின்றன. அதோடு ‘அங்கே கொஞ்சம் இஸ்லாம், இங்கே கொஞ்சம் பக்தி’ என்று சாம்பார்க் கணக்கும் போட்டுவிடுகின்றன.

ஒரு நிமிஷம் யோசியுங்கள். ஹுகத்துக்கு வெளியே யாருமே இல்லை என்கிறார் நானக். யாருமே வெளியே இல்லாத கட்டளையை மீறுவது எப்படி? மீறவே முடியாது என்றால் கீழ்ப்படிவது எப்படி? சல்யூட்டுக்கு அங்கே வேலையே இல்லை.

அவர் அங்கே எடுத்தாளும் வினைச்சொல்லைப் பாருங்கள். ‘புஜ்ஜணா’. பூஜை என்று படித்துவிடாதீர்கள். பஞ்சாபியில் விடுகதைக்கு ‘புஜாரத்’ என்று பெயர். விடுகதையை அவிழ்ப்பதுதான் புஜ்ஜணா. புத்தர் என்ற பெயர் பிறந்த அதே வேர்ச்சொல்லின் பேத்தி இது. ஹுகத்தை அவிழ்த்தவனிடம் ‘நான்’ இருக்காது என்கிறார். அடிபணிந்தவனிடம் என்று சொல்லவில்லை. என் பதினைந்து வருஷப் பைத்தியம் மொத்தமும் இந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது.

விடுகதைக்கு ஒரு குணம் உண்டு. பதில் எங்கோ ஒளிந்திருக்காது, கேள்விக்குள்ளேயே இருக்கும். தெரிந்தவுடன் ‘அட, இதுதானா!’ என்று சிரிப்பு வரும். அதட்டி வரவழைக்க முடியாது. பக்கத்து வீட்டுக்காரர் சொல்லிக் கொடுத்தால் சுவை போய்விடும். சைக்கிள் கற்றதை நினைத்துப் பாருங்கள். குரங்குப் பெடல் போட்டு முட்டியைச் சிராய்த்துக்கொண்டவனும், கையை விட்டு ஓட்டுகிறவனும் ஒரே புவியீர்ப்புக்குள்தான் இருக்கிறார்கள். விழுந்தவன் அந்த ஈர்ப்பை மீறவில்லை, ஓட்டுகிறவன் அதற்குக் கீழ்ப்படியவும் இல்லை. அவனுக்குப் பிடிபட்டுவிட்டது, அவ்வளவுதான். பிடிபட்டபின் ‘நான் ஓட்டுகிறேன்’ என்ற நினைப்பே மறந்துபோகும். அந்த நினைப்பு வந்த நிமிஷம் ஹேண்டில் ஆடும்.

உடனே ஒரு தமிழாசிரியர் கையைத் தூக்குவார்: “இதெல்லாம் புறநானூறு 192-லேயே இருக்கிறதே!” ஐயா, தெரியும். ஆற்று வெள்ளத்தில் போகும் தெப்பமாகக் கணியன் பூங்குன்றனார் வாழ்க்கையைப் பார்த்தார். அவர் பாட்டில் வரும் ‘முறை’யைத்தான் ஹுகத்துக்கு ஆகக் கிட்டத்தில் உள்ள தமிழ்ச் சொல்லாக நானும் நினைக்கிறேன். ஆனால் பூங்குன்றனாரின் ஆற்றோடு சண்டை போட முடியாது. அது கேட்காது. நானக்கால் முடிந்தது. பாபர் படையெடுப்பில் சையத்பூர் நாசமானதைப் பாடும் பாபர்வாணிப் பாடல்களில், ஜனங்கள் இப்படிக் கதறியும் உனக்கு இரக்கம் வரவில்லையா என்று கடவுளிடமே கேட்கிறார். எல்லாம் ஹுகம் என்று சொன்ன அதே வாய்! ‘எல்லாம் நன்மைக்கே’ என்று மேடையில் சிரிக்கும் ஊக்கப் பேச்சாளர்களும், ‘பிரபஞ்சத்திடம் கேள், கொடுக்கும்’ என்று கட்டணம் வாங்குகிறவர்களும் இந்தப் பாடல்களைத் தாண்டித்தான் ஹுகத்தின் பக்கம் வரவேண்டும். நன்மைக்கே என்று சொல்லி அடுத்தவர் துக்கத்தை மூடிவைப்பது ஞானம் இல்லை, சோம்பல்.

ஹுகத்தை அவிழ்த்தவர் எப்படி இருப்பார்? ஆனந்தபூர் போர்க்களத்தில் பாயி கன்னையா என்னும் சீக்கியர் தண்ணீர் கொடுத்த கதையைச் சீக்கிய மரபு சொல்கிறது. காயம்பட்டுக் கிடந்த எதிரிகளுக்கும் கொடுக்கிறார் என்று பத்தாம் குருவான கோவிந்த் சிங்கிடம் புகார் போனது. எனக்கு எதிரி யாரும் தெரியவில்லையே என்றாராம் கன்னையா. குரு கடிந்துகொள்ளவில்லை, காயத்துக்குப் போட மருந்தையும் கையில் கொடுத்து அனுப்பினார். ‘நான்’ கரைந்தால் ‘நம்ம ஆள்’, ‘அவன் ஆள்’ என்ற கோடும் கூடவே கரைகிறது. விடை சரியா என்று பார்க்க இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது.

மூன்று படி என்று சொல்லிவிட்டு இரண்டாவதிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன். மன்னிக்கவும். எழுந்திருக்கிறேன்.

பழக்கம். சீக்கியர்களுக்கு ஹுகம் தினமும் கையில் கிடைக்கும் பொருள். அர்தாஸ் என்னும் வேண்டுதலை நின்று சொல்லி முடித்ததும் கிரந்தத்தை ஏதோ ஓரிடத்தில் திறப்பார்கள். இடப்பக்கத்தின் மேலே இருக்கும் பாடல்தான் அன்றைய ஹுகம். அது முந்தைய பக்கத்தில் ஆரம்பித்திருந்தால் பக்கத்தைத் திருப்பி முதலிலிருந்து படிப்பார்கள். பாதியில் நுழைந்தவர் அரைகுறையாகக் கேட்டுவிட்டுப் போகக்கூடாது என்பதில் எனக்குத் தனிப் பிரியம். குழந்தைக்குப் பெயர் வைப்பதும் இப்படித்தான். திறந்த பாடலின் முதல் எழுத்தில் பெயர். எண்கணிதம் பார்த்துப் பெயரில் ஒரு ‘ஏ’ கூட்டி ஒரு ‘எச்’ செருகும் நமக்கு இது புரியக் கொஞ்ச நாள் ஆகும்.

இனி உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். முதல்முறை சென்னையில் சீக்கியர் கோயிலான குருத்வாராவுக்கு ஹுகம் கேட்கப் போனபோது எனக்கு வேலை மாற்றல் பிரச்சினை. பாடலில் பதில் வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாற்றலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வெளியே வந்து பக்கத்தில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த பெரியவரிடம் குறைப்பட்டேன். நீலத் தலைப்பாகை, அசல் சென்னைத் தமிழ்.

“தம்பி, கிளி ஜோசியம் பார்க்கவா வந்தே?”

“இல்லங்க ஐயா... ஏதாவது பதில் கிடைக்குமேன்னு.”

“நீ கேள்வி எடுத்துக்கினு வந்தா பதில் வராது. இங்க கேள்வியை அவங்க போடுவாங்க. பதில் நீதான் சொல்லணும், நாள் பூரா.”

அவருக்கு நான் எழுதும் புஜ்ஜணா ஆராய்ச்சி எதுவும் தேவைப்படவில்லை. செருப்பு மாட்டும் நேரத்தில் சொல்லி முடித்துவிட்டார்.

அன்றிலிருந்து நான் செய்வது இதுதான். காலையில் பொற்கோயிலின் ஹுகம்நாமாவை, அதாவது அன்றைய ஹுகப் பாடலை, பொருளோடு படிக்கிறேன், போனிலேயே கிடைக்கிறது. ஒரு கருத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பஸ்ஸில் ஒருவர் காலை மிதிக்கும்போதும், எனக்கு வரவேண்டிய பாராட்டு இன்னொருவருக்குப் போகும்போதும் அந்த விடுகதை எழுந்து நிற்கிறது. பெரும்பாலும் தோற்றுப்போகிறேன். ராத்திரி படுக்கும்முன், இன்று எத்தனை இடத்தில் ‘நான்’ வந்து குறுக்கே நின்றது என்று எண்ணிப் பார்க்கிறேன். எண்ணிக்கை குறைந்திருக்கிறதா என்று கேட்காதீர்கள். எண்ண ஆரம்பித்திருக்கிறேன்.

பஞ்சாப் வரை போகவேண்டியதில்லை. தி.நகர் ஜி.என்.செட்டி ரோட்டிலேயே குருத்வாரா இருக்கிறது. செருப்பைக் கழற்றி, கால் கழுவி, தலையை மூடிக்கொண்டு போய்த் தரையில் உட்காருங்கள். ‘தலைக்குக் கட்டத் துணி இல்லையே’ என்பதுதான் போகாதவர்கள் என்னிடம் சொல்லும் கடைசிச் சாக்கு. ஒரு பெரிய கைக்குட்டை போதும்.