இராமநாதனின் நூலும் கண்டிக் கலகமும்

1915ஆம் ஆண்டு மே 28ஆம் நாள், வெசாக் இரவில், கண்டி காசல் ஹில் வீதிப் பள்ளிவாசலருகே மூண்ட கலகம் சில நாள்களுள் பல மாகாணங்களுக்குப் பரவிற்று. ஜூன் 2ஆம் நாள் முதலிற் பிரகடனஞ் செய்யப்பட்ட இராணுவச் சட்டம் ஆகஸ்ட் 30ஆம் நாள் வரை நீடித்தது. இந்நிகழ்ச்சிகளை ஆராய்ந்து சேர் பொன்னம்பலம் இராமநாதன் எழுதிய ஆங்கில நூல் 1916இல் இலண்டனில் வெளியாயிற்று. காவலுக்கும் உரிமைக்கும் இடையிலான பிணக்கை ஆராய்வோர் அதனைப் புறக்கணித்தல் இயலாது.

நூலின் வலிமை அதன் சட்ட நோக்கிலேயே தங்கியுள்ளது. கலகத்தை அடக்குதல் வேறு. அடங்கிய பின்னும் குடிமக்களை இராணுவ நீதிமன்றின் முன் நிறுத்துதல் வேறு. கலகம் ஜூன் முற்பகுதியிலேயே ஓய்ந்துவிட்டது. ஆயினும் எட்வேட் ஹென்றி பெட்ரிஸ் சுட்டுக்கொல்லப்பட்டது ஜூலை 7ஆம் நாள். வகுப்புக் கலவரத்தை முடிக்கெதிரான இராசத்துரோகமாகக் கொண்டமையே தேசாதிபதி சாமர்ஸ் ஆட்சியின் பெரும் பிழை என்னும் வாதம் இன்றும் அசைக்கவொண்ணாதது. தமிழர் ஒருவர் சிங்கள மக்களின் உரிமைக்காக வாதாடினார் என்பதும் நினைவிற்குரியது.

எனினும் நூலில் ஒரு குறையுண்டு. கம்பளைப் பெரகரா வழக்கைக் காரணமாகக் காட்டுமிடத்து ஊர்வல உரிமை பெறும் அழுத்தத்தை, கடையும் உயிரும் இழந்த முஸ்லிம்களின் துயர் பெறவில்லை. உத்தியோகக் கணக்கின்படி இறந்த முஸ்லிம்கள் 25 பேர். சூறையாடப்பட்ட கடைகள் நாலாயிரத்துக்கு மேல். அச்சமின்றி வீட்டில் உறங்குவதும் குடியுரிமையன்றோ? ஆட்சியின் மிகையைக் கண்ட கண், ஆட்சி காக்கத் தவறியவர்களைப் போதியளவு காணவில்லை.

இக்குறை வெறும் வரலாற்றுக் குறையன்று. 2018 மார்ச் மாதத்தில் திகன, தெல்தெனிய பகுதிகளில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. மார்ச் 6ஆம் நாள் அவசரகாலநிலை பிரகடனமாயிற்று. கண்டியில் ஊரடங்குச் சட்டம் பிறந்தது. சமூக ஊடகங்கள் தடைப்பட்டன. வெறுப்புரை பரவாது தடுக்க அது வேண்டும் என்றனர் சிலர். பேச்சுரிமை பறிபோயிற்று என்றனர் வேறு சிலர். இரு சாராரும் ஒரு வினாவை எழுப்பியிருக்க வேண்டும்: சாதாரண சட்டமே பொலிசார் கையில் இருந்தபொழுது அது ஏன் உரிய வேளையிற் பயன்படவில்லை?

காக்க வேண்டிய பொழுது தளர்ந்து நின்ற அதிகாரம், காலங்கடந்தபின் எல்லார் உரிமையையும் ஒருங்கே கட்டுப்படுத்துகின்றது. தற்காலிகமெனப் பிறந்த சட்டம் நிலைத்துவிடுதலும் உண்டு. 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டம் 1982இல் நிரந்தரமாக்கப்பட்டமை இதற்குச் சான்று. இராமநாதன் அதிகாரத்தின் எல்லையைக் கற்பித்தார். அதன் கடமையையும் சேர்த்து வற்புறுத்தியிருப்பின், அவர் நூல் கண்டி வீதியிலுள்ள எல்லார்க்கும் உரிய நூலாகியிருக்கும்.