கருணையும் கணக்கும்

2014 ஒக்டோபர் 29ஆந் திகதி காலை, கொஸ்லந்த மீரியபெத்த தோட்டத்தின் லயங்களை மலை சரிந்து மூடியது. முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர், அல்லது மண்ணுக்குள்ளேயே காணாமற் போயினர். செய்தி பரவியதும் மலையகத்திலும் வடக்கிலும் கிழக்கிலும் கொழும்பிலும் மக்கள் பொருள் சேர்க்கப் புறப்பட்டனர். ஆசிரியரும் மாணவரும் அவர்களுள் முன்னின்றனர். அந்த மன ஈரத்தை நாம் குறைகூற வரவில்லை. ஆனால், சேர்த்தவருள் எத்தனை பேர் கொடுத்தவருக்குக் கணக்குக் காட்டினர்? எத்தனை பேர் பெற்றவருக்குக் காட்டினர்? இதைக் கேட்பதே நமது நோக்கம்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது கொடுப்பவனுக்குச் சொன்ன பழமொழி. தானங் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பது வாங்குபவனுக்குச் சொன்னது. ஒருவனுக்கு அளவையும் மற்றவனுக்கு மௌனத்தையும் விதித்த இந்த ஏற்பாடே இன்றைய நிதி திரட்டலுக்கும் அடிப்படை. தன் குழந்தையின் கண்ணீர் எந்தத் துண்டுப்பிரசுரத்தில் அச்சாயிற்று, அதன் பேரால் எவ்வளவு வந்தது என்பதைத் தோட்டத்துத் தாய் அறியமாட்டாள்.

ஐயம் வீணானதன்று. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின், நிவாரண நிதியில் ஏறத்தாழ 8 கோடி 20 இலட்சம் ரூபா 'ஹம்பாந்தோட்டைக்கு உதவி' என்னும் தனிக் கணக்குக்குச் சென்றதாக 2005இல் பத்திரிகை வெளிப்படுத்தியது. பொலீஸ் விசாரணையை 2006இல் உயர் நீதிமன்றம் நிறுத்தியது. அத்தீர்ப்பை வழங்கிய முன்னாட் பிரதம நீதியரசரே 2014இல் அதற்காக மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய நோயுமன்று. 2010ஆம் ஆண்டின் ஹெயிட்டி பூகம்பத்துக்காக அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் ஏறக்குறைய 50 கோடி டொலர் திரட்டியது. நிரந்தர வீடுகளாகக் கட்டியவை ஆறே என்று 2015இல் அந்நாட்டுப் பத்திரிகையாளர் எழுதினர். வேறு பல வழிகளில் உதவினோம் என்று சங்கம் விடையிறுத்தது.

ஆயினும், திருட்டைப் பிடித்துவிட்டால் எல்லாம் சீராகிவிடும் என்று நாம் எண்ணவில்லை. மீரியபெத்த ஆபத்தான இடம், மக்களை அகற்றுங்கள் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. அப்போது எவரும் உண்டியல் குலுக்கவில்லை. உயிருள்ள தொழிலாளிக்கு ஒரு துண்டு நிலம் கேட்டால் அது அரசியல். அவன் மண்ணுக்குள் போனபின் அரிசி கொடுத்தால் அது தருமம்! தப்பியவர்களுட் பலர் ஏறக்குறைய இரண்டாண்டுக் காலம் மக்கல்தெனிய தேயிலைத் தொழிற்சாலையில் அடைந்து கிடந்தனர். 75 வீடுகள் 2016 ஒக்டோபரிலேயே கையளிக்கப்பட்டன. அந்த வீடுகள் கருணையின் கொடையல்ல. தலைமுறை தலைமுறையாகத் தேயிலையாகவும் அந்நியச் செலாவணியாகவும் இம்மக்கள் முன்கூட்டியே செலுத்திவிட்ட விலைக்கு, காலந் தாழ்த்தித் தரப்பட்ட சிறு பங்கு.

2025 நவம்பரில் டித்வா புயல் பதுளை மலைகளை மீண்டும் சரித்தது. நிதிக்கான வேண்டுகோள்களும் மீண்டும் எழுந்தன. கொடுப்போம், தாராளமாகக் கொடுப்போம். ஆனால் பற்றுச்சீட்டில்லாத உண்டியலில் காசு போடாதிருப்போம். வரவையும் செலவையும் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, தோட்டத்துப் பிள்ளை மடுவத்தின் சுவரிலே ஒட்டும்படி கேட்போம். செலவைத் தீர்மானிக்கும் குழுவில் லயத்துப் பெண்களும் அமரவேண்டும் என்போம். நிதி சேர்க்கும் அதே கையால் நில உரிமைக்கான மனுவிலும் ஒப்பமிடுவோம். கணக்குக் கேட்பது கருணைக்குப் பகையன்று. கேட்கும் உரிமை பெற்றவன் பிச்சைக்காரன் அல்லன், அவன் குடிமகன்.